திரைக்குப் பின்னால் இருந்த கண்ணாடி

இரண்டு வருடங்களுக்கு முன், ஆவணி மாதக் கல்யாணங்கள் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், எங்கள் வீட்டு முன்னறையில்தான் நான் சட்டை தைக்கிறேன். சாறிச் சட்டை, கல்யாணச் சட்டை, நடனம் பழகும் பிள்ளைகளின் உடுப்பு என்று பதினெட்டு வருடமாக இதுதான் என் தொழில். ஆளைப் பார்த்தவுடனேயே அளவைச் சொல்லிவிடுவேன் என்ற தலைக்கனமும் எனக்கு நிறைய உண்டு. அந்தத் தலைக்கனம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு நாள் காலை, திரைக்குள் ஒருவருக்குச் சட்டையைப் போட்டு, பிடிக்க வேண்டிய இடங்களில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் வெட்டுமேசையில் இருந்த சாறிப் பையைக் காணவில்லை. வாசல் திறந்துதான் கிடந்தது, யாரோ வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நல்ல காலம், அது சாதாரண நூல் சாறி, சொந்தக்காரரும் பழகின ஆள். ஆனால் பக்கத்து அலுமாரியில் இரண்டு கூறைச்சேலைகள் இருந்தன. மாப்பிள்ளை வீட்டார் எடுத்த கூறையைச் சட்டை தைக்கவென்று முன்கூட்டியே என்னிடம் தந்துவிட்டுப் போவார்கள். அது தொலைந்தால் வேறொன்று வாங்கிக் கொடுத்துச் சமாளிக்க முடியாது. அபசகுனம் என்று கல்யாணமே ஆட்டம் கண்டுவிடும். அன்று முழுக்க எனக்கு ஒரு தையலும் நேராக ஓடவில்லை.

கமரா பூட்டுவது என்று முடிவெடுத்தேன். வெள்ளவத்தையில் கமராவைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஒருவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மேல்மாடிக்காரர் குறைந்தது நாலு கமராவாவது வேண்டும் என்றார். மருந்துக்கடைக்காரர், வயர் இழுத்துப் பெட்டி வைத்துப் பதிவு செய்வதுதான் நல்லது, வைஃபை எல்லாம் விளையாட்டுச் சாமான் என்றார். லண்டனில் இருக்கும் என் தங்கை, போனில் தெரிகிற மாதிரி வாங்கினால் தானும் அங்கேயிருந்து கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அவளுக்கு வேறு வேலையில்லை, அந்த வேலையை நான் அவளுக்குக் கொடுக்கவும் இல்லை. கடைசியில் பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்குப் போய், விற்பனைக்கு நின்றவரை ஒரு மணித்தியாலம் வாட்டி எடுத்தேன்.

பொறுமையான மனிசன் அவர். எதைப் பார்க்கவேண்டும் என்றுதான் முதலில் கேட்டார். வாசலும் மேசையும் என்றால், அவற்றை மட்டும் பார்க்கிற சின்னக் கோணக் கமரா ஒன்று போதும், வருகிறவரின் முகமும் தெளிவாக விழும் என்று விளங்கப்படுத்தினார். எனக்கு அது பிடிக்கவில்லை. முழு அறையையும் ஒரே பார்வையில் காட்டுகிற அகலக் கோணக் கமரா ஒன்று பக்கத்திலேயே இருந்தது. காசு கொடுத்து வாங்குகிறேன், ஒரு மூலையும் தப்பக்கூடாது என்று அடம்பிடித்தேன். உடுப்பு மாற்றுகிற இடமும் அந்த அறையில்தான் என்றால் கொஞ்சம் யோசித்து வாங்குங்கள் என்று அவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். திரை போட்டிருக்கிறேன், அதெல்லாம் எனக்குத் தெரியும் என்று அவருடைய வாயை அடைத்துவிட்டேன்.

அறையின் அமைப்பைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். பின்மூலையில் கம்பி இழுத்து, உடுப்பு மாற்றத் திரை போட்டிருந்தேன். வாசலில் இருந்து பார்த்தால் அது நன்றாக மூடித்தான் இருக்கும். ஆனால் பின்சுவர்ப் பக்கம் ஒரு முழம் திறந்து கிடக்கும். குண்டூசியோடு நான் உள்ளே போய் வருவது அந்த வழியால்தான். அந்தத் திறப்புக்கு நேரே, பின்சுவரில் ஆளுயரக் கண்ணாடி. உள்ளே நிற்கிறவர்கள் அப்படியே திரும்பி, சட்டை எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். கதிரையில் காத்திருக்கிற யாருக்கும் அந்தக் கண்ணாடியில் வெறும் சுவர்தான் தெரியும்.

கமரா பூட்ட வந்தவர் நாற்பது வயதுக்குக் கிட்டிய சிங்களவர், மரியாதையான ஆள். என்னை "அக்கே" என்றுதான் கூப்பிட்டார். வாசல் பக்கத்து மூலையில் கூரைக்குக் கிட்ட கமராவைப் பூட்டி, என்னுடைய போனிலும் என் கணவருடைய போனிலும் படம் வரச் செய்தார். நான் வாசலில் நின்று போனைப் பார்த்தேன். வாசல், மேசை, அலுமாரி, இறுக மூடிய திரை, எல்லாம் தெரிந்தன. பின்னால் கண்ணாடி ஒரு வெள்ளைக் கோடாக மினுங்கியது. முதல் மாதப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகச் சேமிக்கப்படும், எப்போதும் பின்னோக்கிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். எனக்கு வலு சந்தோசம். ஒன்பது நாள் நிம்மதியாகத் தைத்தேன்.

பத்தாம் நாள் பகல் இரண்டு மணியிருக்கும். ஒரு கல்யாணப் பொம்பிளையின் தாய் போன் எடுத்து, மகளுடைய காதுத் தோட்டைப் பின்னால் பூட்டுகிற சுரை விழுந்துவிட்டது, அங்கே எங்கேயாவது கிடக்கிறதா என்று கேட்டார். நிலத்தில் தேடிக் களைத்துப்போய், கமராவில் பார்ப்போமே என்று ஸ்டூலில் இருந்துகொண்டு அவள் வந்த நாள் பதிவைத் திறந்தேன். அந்தப் பிள்ளை திரைக்குள் போனாள். சுரை விழுந்தது தெரிகிறதா என்று விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். கண்ணாடியின் அந்த வெள்ளைக் கோட்டுக்குள் அவள் நின்றாள்.

நான் சொல்வது உங்களுக்கு விளங்கும். சட்டையைக் கழற்றிவிட்டு, நான் தைத்ததைப் போடக் கையை உயர்த்திக்கொண்டு நின்றாள். கதிரையில் இருக்கிறவர்களுக்குத் தெரியாதது, அந்த மூலையிலிருந்து கமராவுக்குத் தெரிந்திருந்தது. முகமும் தெரிந்தது. அவளுக்குப் பக்கத்தில், வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு நானும் நின்றேன்.

போனைக் கவிழ்த்து மடியில் வைத்தேன். ஓடிப்போய்க் கமராவின் வயரைப் பிடுங்கினேன். பிறகுதான், வயரைப் பிடுங்கினாலும் பதிவுகள் இணையத்தில் அப்படியே இருக்கும் என்ற ஞாபகம் வந்தது. இதை யார் யார் பார்க்கலாம் என்று தேடிப் பார்த்தேன். மூன்று போன் காட்டியது. ஒன்று என்னுடையது, மற்றது கணவருடையது. மூன்றாவது பூட்ட வந்தவருடையது, அதற்குப் பக்கத்தில் "உரிமையாளர்" என்று போட்டிருந்தது. கமரா முதலில் பதிந்தது அவருடைய பெயரில். நான் எவ்வளவு அழுத்தியும் அவரை அதிலிருந்து நீக்க முடியவில்லை.

அளவுக் கொப்பியை எடுத்தேன். ஒவ்வொருவரின் பெயரும் அளவும் வந்த திகதியும் அதில் இருக்கும். ஒன்பது நாளில் பதினொரு பெண்கள். அதில் இருவர் கல்யாணப் பொம்பிளைகள், ஒருத்தி அரங்கேற்றத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பிள்ளை. அந்தப் பெயரோடு கொப்பியை மூடிவிட்டேன். இந்த ஊரில் ஒரு படம் ஒரு போனில் இருந்து இன்னொரு போனுக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும்? பிறகு எந்தச் சட்டையைத் தைத்து இதை மூடுவது?

பூட்டினவருக்குப் போன் எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. கடைக்கு எடுத்தால், அவர் எங்களுடைய ஆள் இல்லை, வேலைக்கு மட்டும் கூப்பிடுவோம், இன்றைக்குக் களனியில் ஒரு களஞ்சியத்தில் நிற்கிறார் என்றார்கள். இடத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன். பொலிசுக்குப் போகலாமா என்றும் யோசித்தேன். போனால் அந்தப் படங்களைத்தானே முதலில் கேட்பார்கள், பிறகு எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று நினைத்ததும் அந்த நினைப்பை விட்டுவிட்டேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு ஓட்டோவில் ஏறினேன். கணவர் ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் முற்றத்தில் கணக்காளர். வழியில் அவரை ஏற்றிக்கொள்வதாகச் சொன்னேன், காரணம் சொல்லவில்லை.

பொரளைச் சந்தியில் ஓட்டோ அசையாமல் நின்றது. பஸ் தரிப்பிடத்தில் இருந்த எல்லாரும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆண்கள் ஒரே போனைப் பார்த்து ஏதோ சிரித்தார்கள். வழமையாக நான் கவனிக்கவும் மாட்டேன். அன்று அவர்கள் பார்ப்பது என் கடையைத்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. இறங்கிப்போய் அந்தப் போனைப் பறித்துப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன்.

கணவர் ஏறியதும் விசயத்தைச் சொன்னேன். அவர் தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் பைக்குள் வைத்தார். அந்தப் போனைக் கண்டதும் எனக்கு இன்னொரு பயம் பிடித்தது. அவருடைய போனிலும்தானே இது இருந்தது? நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன். இரண்டு தரம் திறந்ததாகவும், நான் மத்தியானம் சாப்பிட எழும்பினேனா என்று பார்த்ததாகவும் சொன்னார். அதை நம்ப எனக்கு ஒரு நிமிடம் எடுத்தது. பதினெட்டு வருடம் கூடவே இருந்த மனிசனை அந்த ஒரு நிமிடம் வேற்றாளைப் போலப் பார்த்தேன். அவருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும், முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது கணவர், அவனைப் பிடித்து நாலு கேள்வி கேட்கிறேன் என்று கொதித்தார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஒருவேளை அந்த ஆள் இதுவரை ஒன்றும் பார்க்காமல் இருந்தால்? இதுதான் விசயம் என்று நாங்களே போய்ச் சொன்னால், பார்க்காதவரையும் பார்க்க வைத்தது போலாகாதா? அந்த ஆள் தன் போனில் எல்லாவற்றையும் அழிக்கும்வரை நீங்கள் வாயே திறக்கக்கூடாது என்று கணவரிடம் கெஞ்சினேன்.

களஞ்சியத்தில் அவர் ஏணியில் நின்றார். எங்களைக் கண்டதும் சிரித்துக்கொண்டு இறங்கி, "கமரா வேலை செய்யவில்லையா அக்கே?" என்று சிங்களத்தில் கேட்டார். என் கணவரைக் காட்டி, இவருக்கு இது பிடிக்கவில்லையாம், கமராவை நிறுத்தப் போகிறோம், உங்கள் போனிலிருந்தும் எடுத்துவிடுங்கள் என்று நானும் சிங்களத்தில் சமாளித்தேன். அவர் ஒரு தயக்கமும் இல்லாமல் போனைத் திறந்து என்னிடம் காட்டினார்.

திரையில் நீண்ட பட்டியல் ஒன்று இருந்தது. டயர் கடை, டிஸ்பென்சரி, தெஹிவளை மிஸ் வீடு என்று நாற்பது இடங்களாவது இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் கீழே சின்னப் படம். ஒரு வீட்டில் சாரத்தோடு ஒரு வயதானவர் கதிரையிலேயே நித்திரை. இன்னொரு வீட்டில் ஒரு குழந்தை நிலத்தில் படுத்து எழுதிக்கொண்டிருந்தது. நடுவில் எங்களுடையது, "வெள்ளவத்தை சட்டை அக்கா". வயரைப் பிடுங்கியபடியால் அது மட்டும் கறுப்பாக இருந்தது. இதையெல்லாம் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். கமரா வேலை செய்யவில்லை என்று ஆட்கள் கூப்பிட்டால், வீடு தேடிப் போகாமல் இருந்த இடத்திலிருந்தே பார்த்துச் சரிசெய்யலாம் என்றார். அவருக்கு அது ஒரு சேவை. அதில் பிழை இருப்பதாக அவருக்கு அதுவரை தோன்றவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் பெயரை அழுத்தி நீக்கினார். பதிவுகளும் சேர்ந்து அழிந்துவிடும், சரியா என்று போன் கேட்டது. ஓம் என்று கொடுத்தார். எனக்கு அது போதவில்லை. பூட்டின அன்று வயர் போன இடத்தைப் படம் பிடித்தீர்களே, அதைப் பார்க்கலாமா என்று ஒரு பொய்யைச் சொல்லி, அவருடைய படங்களை வாங்கிப் பார்த்தேன். வயர், சுவர், ஏணி, ஒரு பிறந்தநாள் கேக், மறுபடியும் வயர். என் விரல் போன வேகத்துக்குப் படங்கள் தாண்டித் தாண்டிப் போயின. அந்த ஒன்பது நாளையும் கடந்து போய்விட்டேன். என்னுடைய பெண்கள் ஒருவரும் அதில் இல்லை.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு போய்விட்டது. நான் எதைத் தேடினேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. ஏணியின் கீழ்ப்படியில் இருந்துகொண்டு, பட்டியலில் மிச்சமிருந்த பெயர்களையும் ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார். நாங்கள் புறப்படும்போதும் அழித்துக்கொண்டுதான் இருந்தார்.

அவர் பார்த்தாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இல்லை என்றுதான் மனம் சொல்கிறது. ஆனால் மனம் சொல்வதை வைத்து அளவெடுக்க முடியாது என்று அன்றைக்கே படித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கமராவைக் கழற்றி, உள்ளே இருந்த சின்னப் பதிவு அட்டையை என் வெட்டுக் கத்தரிக்கோலால் நாலாக வெட்டினேன். துணியைத் தவிர வேறெதையும் தொடவிடாமல் வைத்திருந்த கத்தரிக்கோல் அது. கணவர் பெரிய மூச்சு விட்டு, முடிந்தது என்றார். எனக்கு முடியவில்லை. பதினொரு பேருக்கும் சொல்லவேண்டும் என்றேன்.

"நீர் சும்மா இரும். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்ல. சொன்னா அதுகளுக்கும் நித்திரை போகும், உமக்கும் தொழில் போகும்," என்றார் அவர்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குக் கஷ்டமாகவும் இருந்தது. இரண்டு நாள் சொல்லாமல் இருந்து பார்த்தேன். அந்த இரண்டு நாளும், கடைக்குப் போன் வந்தாலே யாருக்கோ படம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். நாளைக்கு உண்மையிலேயே எங்கேயாவது ஒரு படம் வெளியே வந்தால், அந்தப் பெண் அதை வேறு யாரிடமிருந்தோ அறிந்துகொள்வாள். அதை நினைக்கத்தான் என்னால் முடியவில்லை.

கொப்பியைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் போன் எடுத்தேன். ஐம்பது வயது தாண்டிய ஆசிரியை ஒருவர், தன்னுடைய வயிற்றைப் பார்த்தவன் பயந்து கமராத் தொழிலையே விட்டிருப்பான் என்று சிரித்தார். அவருக்காக நான் அழுதேன், ஏனென்று தெரியவில்லை. இன்னொருவர் நான் முடிக்குமுன் போனை வைத்துவிட்டார். அரங்கேற்றப் பிள்ளையின் தாய் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினார். அவ்வளவும் எனக்கு வரவேண்டியதுதான் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு தகப்பன் வந்து, தைத்தும் தைக்காமலும் கிடந்த துணியைச் சுருட்டிக்கொண்டு போனார். அவர்கள் திரும்ப வரவேயில்லை.

தோட்டுச் சுரை தொலைத்த பிள்ளையை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். வங்கியில் வேலை செய்கிறவள், கல்யாணத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது. நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். படத்தில் முகம் தெரிந்ததா என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன்.

"நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது அன்ரி," என்றாள்.

நன்றியாகச் சொன்னாளா, குறையாகச் சொன்னாளா என்று நான் இன்னும் யோசிக்கிறேன். என்னிடம் இருந்த பயத்தைப் பங்கு போட்டு அவளுக்கும் கொடுத்துவிட்டேன் என்பது மட்டும் அப்போதே விளங்கியது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்க அவள் கடைசி அளவு பார்க்க வந்தாள். வருவாள் என்று நான் நினைக்கவில்லை. தனியாகத்தான் வந்தாள், தாய்க்குச் சொல்லவில்லையாம். கண்ணாடியை வேறு சுவருக்கு மாற்றி, திரையை எல்லாப் பக்கமும் மூடும்படி புதிதாகத் தைத்துப் போட்டிருந்தேன். ஆனால் அவள் திரைக்குள் போகவில்லை. சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கமரா இருந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே சுவரில் இரண்டு சின்ன ஓட்டைகள் மிச்சம் இருந்தன.

"அதுக்குள்ள ஒண்டும் இல்லைத்தானே அன்ரி?"

இல்லை என்று வாயால் சொன்னால் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஸ்டூலில் ஏறி, அவள் பார்க்க இரண்டு ஓட்டைக்குள்ளும் குண்டூசியை விட்டுக் கிண்டிக் காட்டினேன். கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் கொட்டியது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் உள்ளே போனாள். நான் வெளியே நின்று திரையின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துக் கையால் பிடித்துக்கொண்டேன். ஒரு சட்டையை மாற்ற அவ்வளவு நேரம் எடுத்த யாரையும் நான் அதற்கு முன் கண்டதில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இதுவரை எங்கும் எந்தப் படமும் வெளியே வரவில்லை. ஆனாலும் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் இன்னமும் தையலை நிறுத்திவிட்டுத்தான் எடுக்கிறேன். கமரா வாங்கிய அன்று, திருடன் எந்த வழியால் வருவான், எங்கே நிற்பான் என்றெல்லாம் அவ்வளவு யோசித்த நான், என்னை நம்பிச் சட்டையைக் கழற்றுகிறவள் எங்கே நிற்கிறாள் என்று ஒருதரமும் யோசிக்கவில்லை; இப்போதெல்லாம் யாரையும் திரைக்குள் அனுப்புமுன் நானே உள்ளே போய், அவர்கள் நிற்கும் இடத்தில் நின்று, நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருகிறேன்.